சோழர்களுக்கு எந்தச் சட்டம்? – ஒரு மாணவரின் கேள்வியும் அரியணை வாரிசு முறையும்



சில மாதங்களுக்கு முன்பு ஜுருவில் ஒரு கோயில் திருவிழாவில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்றவர். இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் பயில்கிறார். நலம் விசாரித்து முடித்ததும் அவர் கேட்டார்: "ஐயா, சோழ அரசர் இறந்தால் அடுத்த அரசர் யார் என்பதற்கு என்ன சட்டம் இருந்தது?"

வரலாற்றுப் பாடத்திற்காகக் கேட்கிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு கணினி விளையாட்டுக்கான கேள்வி என்று. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'குருசேடர் கிங்ஸ்' என்னும் விளையாட்டில், ஆடுபவர் இடைக்கால அரசர் ஒருவராக அமர்கிறார். அந்த அரசர் இறந்ததும் அவருடைய வாரிசாக மாறி ஆட்டத்தைத் தொடர வேண்டும். தம் குலத்தில் வாரிசே இல்லையென்றால் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே மூத்த மகனுக்கே முழு நாடா, எல்லா மகன்களுக்கும் பங்கா, குலத்தில் வயதில் மூத்தவருக்கா, பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுப்பவருக்கா என்று வாரிசுச் சட்டத்தை ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. நம் மாணவர் சோழராக ஆடிக்கொண்டிருந்தார்.

"மூத்த மகனுக்குத்தான்" என்று தயக்கமின்றிக் கூறிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "ஐயா, தேடிப் பார்த்தேன். இராஜராஜ சோழன் மூத்த மகன் இல்லை. அவருக்கு முன்னால் ஆண்டவரும் அவருடைய அப்பா இல்லை. அப்படியென்றால் எப்படி?"

மாணவர் கூறியதே சரி. ஆசிரியராகிய நான் கூறியது தவறு. அத்தவற்றைத் திருத்திக்கொள்ள மீண்டும் படித்தபொழுது நான் உணர்ந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஊருக்கு விதி உண்டு, அரியணைக்கு இல்லை

முதலாம் பராந்தக சோழன் 907-இல் அரியணை ஏறினான். அவனுடைய ஆட்சிக் காலத்தில், 919-இலும் 921-இலும், உத்திரமேரூர்ச் சபையார் எடுத்த இரண்டு தீர்மானங்கள் கல்லில் வெட்டப்பட்டன. காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரில் அவற்றை இன்றும் காணலாம். குடவோலை முறை என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதனையே.

ஊரை 30 குடும்புகளாகப் பிரிக்க வேண்டும். வாரியத்தில் இடம்பெறுபவருக்கு வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் இடம்பெறல் ஆகாது. கடந்த 3 ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரின் பெயரையும் ஓலையில் எழுதலாகாது. தகுதியுடையோரின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்ய வேண்டும்.

இம்முறை நிலமுடைய ஆடவர்க்கு மட்டுமே உரியதாக, ஒரு பிராமண ஊரில் நிலவியது என்பதையும் மாணவர்க்குச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் பொறுப்பு எவ்வாறு கைம்மாற வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள் அக்காலத்தில் இருந்தனர். ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் வாரியத்திற்கு இத்தனை விதிகள்! அதே பராந்தகனின் அரியணைக்கோ அப்படிப்பட்ட விதி எதுவும் கல்லிலும் இல்லை, செப்பேட்டிலும் இல்லை. மூத்தவன் ஆள்வான் என்னும் பொதுவான எதிர்பார்ப்பு மட்டுமே இருந்தது. அவ்வெதிர்பார்ப்பு ஒரே நாளில் உடைந்தது.

தக்கோலம், 949

949-இல் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் வடக்கிலிருந்து படையெடுத்து வந்தான். தக்கோலத்தில் சோழர் படைக்குத் தலைமை தாங்கியவன் பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தன். அவன் யானை மேல் இருந்தவாறே கொல்லப்பட்டான். படை சிதறியது. தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போனது. முதிர்ந்த பராந்தகனும் சில ஆண்டுகளில் மறைந்தான்.

அதன் பின்னர் அரியணை சென்ற வழியைப் பாருங்கள். இரண்டாம் மகன் கண்டராதித்தன் ஆண்டான். அவன் மறைந்தபொழுது அவனுக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் பிறந்த மகன் சிறு குழந்தை. எனவே அரியணை தம்பி அரிஞ்சயனுக்குப் போனது. அரிஞ்சயனுக்குப் பின் அவனுடைய மகன் சுந்தர சோழன் ஆண்டான். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் இளவரசுப் பட்டம் பெற்றுப் பாண்டியனையும் வென்றான். ஆனால் பட்டத்திற்கு வருமுன்பே கொலையுண்டான். அப்பொழுது, முன்னர்க் குழந்தையாக இருந்ததால் விலக்கப்பட்ட கண்டராதித்தன் மகன், உத்தம சோழன் என்னும் பெயரில் அரியணை ஏறினான். அவனுக்குப் பின் 985-இல்தான் சுந்தர சோழனின் இளைய மகன் அருண்மொழி, இராஜராஜன் ஆனான்.

அண்ணன், தம்பி, தம்பி மகன், மீண்டும் அண்ணன் மகன், மீண்டும் தம்பியின் பேரன். பராந்தகனுக்கும் இராஜராஜனுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 ஆண்டுகளில் நால்வர் ஆண்டனர். பட்டத்து இளவரசன் ஒருவன் கொல்லப்பட்டான். இதில் எந்தச் சட்டத்தைக் காண்பது?

ஆதித்த கரிகாலன் கொலை நம்மில் பலருக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாகவே தெரியும். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் உள்ள அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டுத்தான் இதற்கான நேரடிச் சான்று. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன் முதலானோரின் சொத்துகளையும் அவர்தம் உறவினர் சொத்துகளையும் பறிமுதல் செய்த செய்தியைத் தருகிறது. அவர்களுள் சிலர் பிரம்மாதிராஜன் என்னும் பட்டம் பெற்ற அரசு அதிகாரிகள். கொலைக்குப் பின்னர் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கழிந்து, அடுத்த ஆட்சியில்தான் இந்நடவடிக்கை பதிவாகியுள்ளது. இதனால் உத்தம சோழனுக்கும் இதில் பங்குண்டோ என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். இவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

கொன்றவர் யார் என்று ஆராய்வது சுவையானதுதான். ஆனால் அக்கேள்வியிலேயே நாம் நின்றுவிடுவதால் இன்னொரு கேள்வியைத் தவறவிடுகிறோம். ஓர் இளவரசனைக் கொன்றால் அரியணை யாருக்குப் போகும் என்பது அன்று உறுதியாகத் தெரியாத நிலை இருந்ததே, அது ஏன்? உரிமை கோரத்தக்கவர் பலர். உறுதி செய்யப்பட்டவர் எவருமில்லை. சூழ்ச்சி முளைக்க இதைவிட நல்ல மண் வேண்டுமா?

இராஜராஜன் கண்ட வழி

திருவாலங்காட்டுச் செப்பேடு ஒரு செய்தியைக் கூறுகிறது. மக்கள் அருண்மொழியை அரியணை ஏற வேண்டினராம். தம் சிற்றப்பன் முறையினனாகிய உத்தம சோழனுக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும்வரை தமக்கு அது வேண்டாம் என்று அவன் விலகி நின்றானாம். உத்தம சோழன் அவனைத் தனக்குப் பின் வாரிசாக ஏற்றானாம். இது இராஜராஜன் மகனின் காலத்தில், அரச குடும்பத்தின் பெருமையைப் பாட எழுதப்பட்டது. அதனை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆயினும் உள்நாட்டுப் போர் ஏதுமின்றி ஏறத்தாழ 14 ஆண்டுகள் உத்தம சோழன் ஆண்டான் என்பதும், அதன்பின் அருண்மொழி அமைதியாக அரியணை ஏறினான் என்பதும் உண்மை. ஏதோ ஓர் உடன்பாடு இருந்திருக்க வேண்டும்.

உத்தம சோழனுக்கும் மகன் இருந்தான். மதுராந்தகன் கண்டராதித்தன் என்பது அவன் பெயர். அரியணை அவனைத் தாண்டிச் சென்றது. ஆனால் இராஜராஜன் அவனை ஒழித்துவிடவில்லை. கோயில் நிருவாகத்தை விசாரிக்கும் உயர் பொறுப்பில் அவன் பணியாற்றியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இராஜராஜன் செய்த பெரிய செயல் 1012-இல் நிகழ்ந்தது. தான் உயிரோடும் புகழோடும் இருக்கும்பொழுதே மகன் இராஜேந்திரனுக்கு முடிசூட்டித் தன்னோடு ஆளச் செய்தான். 1014-இல் இராஜராஜன் மறைந்தபொழுது புதிய அரசர் யார் என்னும் கேள்வியே எழவில்லை. இராஜேந்திரனின் ஆட்சியாண்டுகளும் 1014-இலிருந்து அல்லாமல் 1012-இலிருந்தே எண்ணப்பட்டன. இராஜேந்திரனோ இன்னும் விரைந்தான். தந்தை மறைந்து 4 ஆண்டுகளிலேயே, 1018-இல், மகன் இராஜாதிராஜனுக்கு இளவரசு முடிசூட்டினான். மற்றொரு மகனைச் சோழ பாண்டியன் என்னும் பட்டத்தோடு மதுரையில் அமர்த்தினான். 1025-இல் சோழர் கப்பற்படை கடாரம்வரை வந்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். அவ்வளவு தொலைவுக்குப் படையை அனுப்பிவிட்டு அரசன் அச்சமின்றி இருக்க முடிந்ததற்கு, நாட்டில் அடுத்த பொறுப்பாளர் முன்னரே அமர்ந்திருந்ததும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

மாணவரின் கேள்விக்கு இங்கேதான் விடை உள்ளது. 'யாருக்கு' என்பதைச் சோழர் சட்டமாக்கவில்லை. மகனுக்கும் கொடுத்தனர், தம்பிக்கும் கொடுத்தனர். 'எப்பொழுது' என்பதையே மரபாக்கினர். இருப்பவர் கண்மூடும் முன்பே அடுத்தவர் பொறுப்பில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த மரபு.

கொப்பம், 1054

இம்மரபுக்குக் கடும் சோதனை 1054-இல் வந்தது. கொப்பம் என்னுமிடத்தில் மேலைச் சாளுக்கியரோடு நடந்த போரில் இராஜாதிராஜன் யானை மேல் இருந்தவாறே கொல்லப்பட்டான். தக்கோலத்தில் கண்ட அதே காட்சி! சோழர் படை கலைந்து ஓடத் தொடங்கியது.

இம்முறை முடிவு வேறு. இராஜாதிராஜனுக்கு மகன்கள் இருந்தும், அவர்களை விடுத்துத் தம்பி இரண்டாம் இராஜேந்திரனை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1052-இல், வாரிசாக அமர்த்தியிருந்தனர். தம்பி அதே களத்தில் நின்றான். போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டு படையை மீண்டும் திரட்டினான். ஓடிய படை திரும்பி நின்று வென்றது.

தக்கோலத்தில் இறந்தவன் இளவரசன், கொப்பத்தில் இறந்தவன் அரசன்; எதிரியும் வேறு, காலமும் வேறு. ஆகவே இவ்வொப்பீடு முழுமையானதன்று. ஆயினும் 105 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு சாவுகளில், ஒன்று நாட்டைத் தள்ளாட வைத்தது. மற்றொன்று ஒரு போரைக்கூடத் தோற்க விடவில்லை. வேறுபாட்டிற்கு வீரம் காரணமன்று. இரு களத்திலும் வீரர்களே இருந்தனர்.

இதே காலத்தில் பிரான்சிலும் இவ்வழியைக் கண்டுபிடித்தனர். 987-இல் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹியூ கப்பே அதே ஆண்டு இறுதியிலேயே தன் மகன் இராபர்ட்டுக்கு முடிசூட்டினான். தந்தை உயிரோடிருக்கையில் மகனுக்கு முடிசூட்டும் வழக்கம் 1179 வரை அங்கே நீடித்தது. இங்கிலாந்திலோ 1066-இல் எட்வர்ட் மன்னன் தெளிவான வாரிசின்றி இறந்தான். அதே ஆண்டில் ஹெரால்டு போரில் மாண்டு, நார்மண்டி வில்லியம் அரியணையைப் பிடித்தான்.

1070-இல் தவறியது என்ன?

'முன்கூட்டியே முடிசூட்டினால் போதும்' என்று இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம். அவ்வாறு முடித்தால் மாணவரிடம் இரண்டாவது முறையும் தவறாகச் சொன்னவன் ஆவேன்.

இரண்டாம் இராஜேந்திரனுக்குப் பின் அவன் தம்பி வீரராஜேந்திரன் ஆண்டான். அவனும் தன் மகன் அதிராஜேந்திரனை வாரிசாக அமர்த்தியிருந்தான். ஆனால் 1070-இல் வீரராஜேந்திரன் மறைந்ததும் குழப்பம் வெடித்தது. மைத்துனனாகிய சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் வந்து அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்திச் சென்றதாகவும், அவன் சென்ற சில நாள்களிலேயே கலகத்தில் அதிராஜேந்திரன் உயிரிழந்ததாகவும் விக்கிரமாதித்தனின் அவைப் புலவர் பில்கணர் எழுதியுள்ளார். முதல் குலோத்துங்கன் சோழ அரசன் ஆனான்.

யார் இந்தக் குலோத்துங்கன்? தந்தை வழியில் வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன். தாய் அம்மங்கை தேவி, முதலாம் இராஜேந்திரனின் மகள். மனைவி மதுராந்தகி, இரண்டாம் இராஜேந்திரனின் மகள். இப்படிச் சோழ குலத்தோடு நெருங்கிப் பிணைந்திருந்தும், தந்தை இறந்தபின் வேங்கி அரியணை அவனுக்குக் கிட்டவில்லை; சிற்றப்பன் விஜயாதித்தன் அதில் அமர்ந்தான். வீரராஜேந்திரனும் அச்சிற்றப்பனையே ஆதரித்தான். உரிமையும் ஆற்றலும் உடைய ஒருவன் இரு வீட்டிலும் இடமின்றி வெளியே நின்றான். வாசல் திறந்ததும் உள்ளே வந்தான்.

அரியணை கிடைக்காதவனுக்கும் மதிப்பான இடம் ஒன்றைத் தேடிக் கொடுப்பதை இராஜராஜன் மறக்கவில்லை. உத்தம சோழனின் மகனுக்கு அவன் செய்தது அதுதான். வீரராஜேந்திரன் மறந்தான். வாரிசை அறிவிப்பது பாதி வேலை. வாரிசு ஆகாதவருக்கு இடம் அமைப்பது மறுபாதி.

குலோத்துங்கன் ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்டான்; சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றான். தாய்வழி உரிமை செல்லாது என்னும் சட்டம் இருந்திருந்தால் அவன் வந்திருக்கவே முடியாது. சட்டம் இல்லாமையால் நாடு ஓராண்டு துன்புற்றது. சட்டம் இல்லாமையாலேயே ஆற்றலுடையவனையும் பெற்றது. வரலாறு இப்படித்தான், ஒரே விடையை எளிதில் தருவதில்லை.

பின்னர் ஒரு நூற்றாண்டு கழித்து, இரண்டாம் இராஜராஜன் காலத்தில் மீண்டும் இச்சிக்கல் எழுந்தது. அவனுடைய பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டுமே. விக்கிரம சோழனின் மகள் வயிற்றுப் பேரனை அழைத்து வந்து வாரிசாக்கினர். அவனே இரண்டாம் இராஜாதிராஜன். அரசன் மறைந்தபின் அக்குழந்தைகளைக் காத்துப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டு சென்ற அமைச்சர் பல்லவராயரின் பணியைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு விவரிக்கிறது. உரிமையுள்ள குழந்தைகளை விலக்கியும் அவர்களைக் காப்பாற்றிய அச்செயல், வேறு பல நாடுகளின் வரலாற்றில் எளிதில் காணக் கிடைக்காதது.

நம் மண்ணில்

இவை எங்கோ நடந்தவை என்று எண்ண வேண்டா. ஜுரு அமைந்துள்ள செபராங் பிறை நிலம் 1800 வரை கெடாவுக்கு உரியதாக இருந்தது. கடாரம் என்று நம் கல்வெட்டுகள் கூறும் நாடு இக்கெடாவே. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை அடையலாம். வீரராஜேந்திரனின் ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தன்னிடம் அடைக்கலம் தேடி வந்த மன்னனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே திருப்பிக் கொடுத்ததாகக் கூறுகிறது. அரியணைப் பூசலுக்குக் கடலும் தடையாக இல்லை.

நமக்கு இன்னும் அண்மையில் ஒன்று. பேராக்கில் 1871-இல் சுல்தான் அலி மறைந்தார். அடுத்து வர வேண்டிய இராஜா மூடா அப்துல்லா இறுதிச் சடங்கிற்கு வரவில்லை. பிரமுகர்கள் பெண்டஹாராவாக இருந்த இராஜா இஸ்மாயிலைத் தேர்ந்தெடுத்தனர். அப்துல்லா ஆங்கிலேயரின் துணையை நாடினார். 1874 ஜனவரி 20-இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அப்துல்லா சுல்தான் ஆனார். கூடவே, சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக அனைத்திலும் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்னும் விதியும் வந்தது. பேராக்கில் தெளிவான படிநிலை முறை இருந்தது. முறை இருந்தும் அது பின்பற்றப்படாதபொழுது மூன்றாமவன் உள்ளே நுழைந்தான்.

மதுரைப் பாண்டியர் கதையும் அத்தகையதே. மாறவர்மன் குலசேகரன் ஆசைநாயகியின் மகன் வீரபாண்டியனை முன்னிறுத்த, சினங்கொண்ட சுந்தரபாண்டியன் 1310-இல் தந்தையையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் எழுதுகிறார். உடன்பிறந்தார் இருவரும் போரிட்டுக்கொண்டிருக்கையில், 1311-இல் மாலிக் கபூரின் படை மதுரைக்குள் வந்தது.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

அரசர்கள் போய்விட்டனர். பொறுப்புகள் போகவில்லை. கோயில் நிருவாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி நூலகம், குடும்பச் சொத்து, வீட்டுக் கடை என எல்லாம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்ல வேண்டியவையே.

என் குறையை நானே சொல்கிறேன். பல ஆண்டுகள் பள்ளியில் மாணவர் பேச்சுப் பயிற்சியை நான் ஒருவனே நடத்தி வந்தேன். எந்த மாணவருக்கு எந்தத் தலைப்பு, எந்த எழுத்தில் நாக்குத் தடுமாறும், யாரை முதலில் மேடையேற்ற வேண்டும் என்பவை அனைத்தும் என் தலைக்குள்ளேயே இருந்தன. ஓராண்டு நோயுற்று இரண்டு மாதம் படுத்தேன். பயிற்சி நின்றது. இளைய ஆசிரியர்களிடம் ஆற்றல் இல்லாமல் இல்லை. நான் எதையும் கைமாற்றியிருக்கவில்லை. "நான் இல்லாவிட்டால் நடக்காது" என்று உள்ளூரப் பெருமைப்பட்டிருந்தேன். அது பெருமையன்று, என் பணியின் பழுது என்பது அப்பொழுதுதான் விளங்கியது. இப்பொழுது இளைய ஆசிரியை ஒருவர் அப்பயிற்சியை நடத்துகிறார். நான் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கிறேன். கேட்டால் மட்டும் சொல்கிறேன்.

பெற்றோர்களே, வீட்டுப் பத்திரங்கள் எங்குள்ளன, கடன் எவ்வளவு, யாருக்கு எது என்பவற்றை உயிரோடும் தெளிவோடும் இருக்கும்பொழுதே பிள்ளைகள் அனைவரையும் ஒன்றாக அமர்த்திச் சொல்லிவிடுங்கள். குறைவாகப் பெறுபவரிடம் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, சோழர் பாடத்தை நடத்தும்பொழுது மன்னர் பெயர்ப் பட்டியலை மனனம் செய்யச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் வியக்கத்தக்க விடைகள் தருவர். கணினி விளையாட்டு ஆடும் பிள்ளை நம்மைவிட நல்ல கேள்வியும் கேட்கலாம்.

அந்த மாணவரை அழைத்து இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் விளையாட்டில் எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, ஐயா?" என்றார்.

"எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடு. ஆனால் உன் அரசர் நலமாக இருக்கும்பொழுதே தேர்ந்தெடு. கிடைக்காமல் போகும் தம்பிக்கும் ஒரு வேலை கொடு" என்றேன்.

சிரித்துக்கொண்டே தலையசைத்தார். அடுத்த கேள்வியோடு வருவார் என்று காத்திருக்கிறேன். இம்முறை படித்துவிட்டுத்தான் விடை சொல்வேன்.